சமுதாய வானொலி: குறைந்த திறன் நிலையங்களும் ஒலிபரப்பு உரிமைக்கான நெடும் காத்திருப்பும்

சமுதாய வானொலி என்பது ஓர் ஊர் அல்லது ஒரு சிறு வட்டாரத்து மக்கள், தங்களுக்காகத் தாங்களே நடத்தும் இலாப நோக்கமற்ற பண்பலை வானொலி ஆகும். சமூக வானொலி என்றும் இதைச் சொல்வர். நம் நாட்டில் மூன்று வகை வானொலிகள் உள்ளன. முதலாவது அரசு நடத்தும் அகில இந்திய வானொலி. இரண்டாவது ஏலத்தில் அலைவரிசை எடுத்து விளம்பரத்தால் பிழைக்கும் தனியார் பண்பலை. மூன்றாவது வகையே சமுதாய வானொலி. திறனில் மிகச் சிறியது இதுதான். ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு மிக அதிகமாகப் போராட வேண்டியிருந்ததும் இதற்குத்தான்.

ஒரு கல்லூரியோ, தொண்டு நிறுவனமோ, வேளாண் அறிவியல் மையமோ நிலையத்தை நடத்தலாம். ஆனால் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது அந்த வட்டார மக்களின் பங்கேற்போடு உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. பேசுவோரும் கேட்போரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்களாக இருப்பர் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

இந்திய விதிப்படி சமுதாய வானொலியின் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் 250 வாட் வரை அனுமதிப்பதுண்டு. அலைக்கம்பத்தின் உயரம் தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டரைத் தாண்டாமலும் இருத்தல் வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் உள்ள அலைபரப்பி 50 வாட் திறனை வெளியிடுவது. வீட்டு மின்விசிறி ஒன்று இழுக்கும் மின்சாரத்தை விடவும் இது குறைவு. அப்படியானால் 100 வாட் எங்கிருந்து வருகிறது? ஆண்டெனா எல்லாத் திசையிலும், வானத்தை நோக்கியும் அலையைச் சிதறவிடாமல், தரையை ஒட்டிய திசைகளில் குவித்து அனுப்புகிறது. கைவிளக்கில் பல்புக்குப் பின்னால் உள்ள குழிவான தகடு ஒளியைக் குவிப்பது போன்றதே இது. அலைபரப்பி தரும் திறன், ஆண்டெனா குவிக்கும் அளவு, கம்பிவடத்தில் ஏற்படும் இழப்பு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு வருவதே பயனுறு கதிர்வீச்சுத் திறன்.

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. 30 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதற்கு அப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடுகிறது. இடையில் மலையோ அடுக்குமாடிக் கட்டடங்களோ இருந்தால் தூரம் மேலும் குறையும். எனவே 100 வாட் நிலையம் ஒன்று சமவெளியில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்டால் அது நல்ல நிலையம்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறனை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகும் என்று பலரும் நினைப்பர். அலைப்புலத்தின் வலிமை திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 100 வாட்டை 10,000 வாட்டாக, அதாவது நூறு மடங்காக உயர்த்தினால், ஓரிடத்தில் கிடைக்கும் அலைப்புல வலிமை பத்து மடங்குதான் கூடும். ஆகவே சிறிய நிலையத்துக்கு வாட்டைக் கூட்டுவதைவிட, ஆண்டெனாவை நல்ல மேட்டில் நிறுத்துவதே சிக்கனமான வழி.

இன்னொரு செய்தி. ஒரே அலைவரிசையில் இரு பண்பலை நிலையங்களின் அலைகள் வந்தால், வானொலிப் பெட்டி வலுவான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். குறுக்கே மலைபோலத் தூரம் இருந்தால் ஒரே எண்ணைப் பலருக்கும் கொடுக்கலாம். இந்தியா முழுவதும் பல சமுதாய வானொலிகள் 90.4 மெகாகெர்ட்சு என்ற ஒரே எண்ணில் ஒலிபரப்புவதன் காரணம் இதுதான். 90.8, 91.2, 107.8 ஆகிய எண்களும் இவ்வாறே திரும்பத் திரும்ப வழங்கப்படுகின்றன. இவ்வளவு சிறிய சாதனம் யாருக்கும் பெரிய இடையூறு செய்வதில்லை என்பது பொறியியல்படி தெளிவு. தடை பொறியியலிலிருந்து வரவில்லை.

வான் அலை யாருடையது?

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கே அளித்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. குடிமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அஞ்சிய ஆட்சி எழுதிய சட்டங்கள் இவை. விடுதலைக்குப் பின்னும் இவை அப்படியே தொடர்ந்தன. வானொலி என்றால் அகில இந்திய வானொலி ஒன்றே என்ற நிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

இதை அசைத்தது, வியப்பாக, ஒரு கிரிக்கெட் வழக்கு. 1993இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தந்தது. தூர்தர்ஷனும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் அதை எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995 பிப்ரவரி 9 அன்று நீதியரசர்கள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச்சொத்து. அவற்றைப் பொதுநலன் கருதிப் பயன்படுத்த வேண்டும். அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது. பேச்சுரிமையில் ஒலிபரப்பும் அடங்கும். அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தன்னாட்சி அமைப்பு இதை முறைப்படுத்த வேண்டும் என்பவை தீர்ப்பின் சாரம்.

விளையாட்டு ஒளிபரப்பில் பெரும்பணம் பற்றிய சண்டையாகத் தொடங்கியதை, கிராமத்து மக்களுக்காக வாதாடியவர்கள் உடனே கையில் எடுத்துக்கொண்டனர். 1996இல் பெங்களூரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டில் பஸ்தாபூரில் கூடி மற்றோர் அறிக்கை வெளியிட்டனர். அரசும் தீர்ப்பைச் செயல்படுத்தியது. ஆனால் வேறு வரிசையில். முதலில் தனியார் வணிகப் பண்பலைக்கு ஏலம் விடப்பட்டது. சமுதாயத்தின் முறை பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பொதுச்சொத்து என்று சொல்லப்பட்டதைப் பணம் உள்ளவருக்கு முதலில் திறந்துவிட்டது சரியான வரிசை அன்று என்பதே என் கருத்து.

பத்தாண்டுகள் ஊமையாக நின்ற நிலையம்

இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத் வட்டாரம் வறண்ட பூமி. அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு, பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைப் பெண் விவசாயிகளை ஊர்தோறும் சங்கங்களாகச் சேர்த்தது. சோளம், கம்பு, தினை போன்ற சிறுதானியங்களையும் நாட்டு விதைகளையும் காப்பது அவர்கள் வேலை. வானொலி தெலுங்கில்தான் பேசியது. ஆனால் அது பட்டணத்துத் தெலுங்கு, பட்டணத்து விவசாய அறிவுரை. எங்கள் பேச்சில், எங்கள் பயிரைப் பற்றிப் பேசும் வானொலி வேண்டும் என்று அப்பெண்கள் கேட்டனர்.

யுனெஸ்கோவின் உதவியோடு 1990களின் இறுதியில் மாச்சனூர் கிராமத்தில் நிலையக் கட்டடமும் ஒலிப்பதிவுக் கருவிகளும் தயாராயின. அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் ஒலிப்பதிவும் தொகுப்பும் கற்றுத் தேர்ந்தனர். ஆனால் உரிமம் கொடுப்பதற்கு நாட்டில் விதியே இல்லை. எனவே அவர்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துச்சென்று, அங்கே போட்டுக் காட்டினர். அலை இல்லாத வானொலி என்று சொல்லலாம். விதைப்புப் பாட்டுகள், விதை சேமிக்கும் முறை, மூலிகை மருத்துவம், கூலிப் பிரச்சினை என்று நூற்றுக்கணக்கான மணி நேரப் பதிவுகள் இவ்வாறு சேர்ந்தன.

2006இல் கொள்கை மாறியபின் விண்ணப்பித்து, அனுமதிகளை எல்லாம் கடந்து, 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி 90.4இல் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் நாட்டில் முதலில் எழுந்த சமுதாய வானொலிகளில் இது முன்னோடி. தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை எழுதிய நீதியரசர் சாவந்த். மாலை 7 மணிமுதல் 9 மணிவரை, வயல் வேலையும் அடுப்பு வேலையும் முடிந்த நேரத்தில், அந்த ஊர்த் தெலுங்கு காற்றில் வந்தது. தீர்ப்புக்கும் ஒலிபரப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

காத்திருக்காதவர்கள்

எல்லோரும் இவ்வாறு பொறுமையாக இருக்கவில்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் புதிகோட்டை என்னும் ஊரில், நம்ம த்வனி என்ற அமைப்பினர் ஒரு வழி கண்டனர். காற்றில் அனுப்பத்தானே உரிமம் வேண்டும்? வீடுகளுக்குப் போகும் கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழியாக ஒலியை அனுப்பினர். மிக எளிய வழி; ஆனால் கேபிள் இணைப்பு உள்ள வீட்டுக்குத்தான் எட்டும். வயலில் நிற்பவருக்குக் கேட்காது.

ஆந்திரத்தில் கர்னூல் மாவட்டம் ஓர்வகல்லில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் 2002-03இல் மன ரேடியோ என்ற பெயரில் மிகச் சிறிய அலைபரப்பி ஒன்றை வைத்துச் சில மாதங்கள் ஒலிபரப்பினர். அரை கிலோமீட்டர் அளவே கேட்ட அந்த நிலையம் உரிமம் இல்லை என்பதால் மூடப்பட்டது.

பீகாரின் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் நிலையத்தைப் பற்றி உலகச் செய்தித்தாள்கள்கூட எழுதின. வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஓர் இளைஞர், கடைத்தெருவில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டு அலைபரப்பி ஒன்றைச் செய்தார். அதன் செலவு ஐம்பது ரூபாய் அளவில்தான் என்று சொல்லப்பட்டது. மருத்துவமனை கட்டடத்தின் மேல் மூங்கில் கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டினார். சினிமாப் பாட்டு, உள்ளூர் அறிவிப்பு, காணாமல் போனவர் பற்றிய தகவல், நோய்த்தடுப்பு அறிவுரை எல்லாம் அதில் வந்தன. 2006 மார்ச்சில் அதிகாரிகள் அதை மூடினர். அதே ஆண்டு நவம்பரில் புதிய சமுதாய வானொலிக் கொள்கை வந்தது. ஆனால் அந்தப் புதிய கொள்கையிலும் தனிமனிதருக்கு உரிமம் கிடையாது. பதிவுபெற்ற, குறைந்தது மூன்றாண்டுகள் சேவை செய்த நிறுவனமே கேட்க முடியும். ஆகவே எட்டு மாதம் பொறுத்திருந்தாலும் அவருக்கு வழி திறந்திருக்காது. சட்டத்தை மீறினார் என்பது உண்மை. அவருக்குப் பொருந்தும் சட்டம் எதுவும் இல்லை என்பதும் உண்மை.

உத்தரகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் மந்தாகினி கீ ஆவாஸ் என்ற குழுவினர் 2001 முதல் கட்வாலி மொழியில் நிகழ்ச்சிகளைப் பதிந்து ஊர்க் கூட்டங்களில் ஒலிக்கச் செய்து வந்தனர். 2013 ஜூன் மாதம் கேதார்நாத் பெருவெள்ளம் அந்த மந்தாகினி ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே வந்தது. சாலை இல்லை, தொலைபேசி இல்லை. பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஊர்ப் பெயர்கள் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அலைபரப்பி மட்டும் இல்லை. அவர்கள் நிலையம் காற்றில் ஏறியது 2014இல்.

கல்லூரிக்கு முதலிடம்

2002 டிசம்பரில் நடுவண் அரசு முதல் கதவைத் திறந்தது. நன்கு நிலைபெற்ற கல்வி நிறுவனங்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்த வழியில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக, 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தமிழர்கள் பெருமைப்படத்தக்க செய்தி இது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து நிகழ்ச்சி தயாரித்தது அதன் சிறப்பு. ஆனால் கொள்கை அளவில் பார்த்தால், படித்தவர்கள் கையில் இருந்தால் ஆபத்தில்லை என்ற எண்ணமே அதில் தெரிகிறது.

2006 நவம்பர் 16 அன்று ஒப்புதல் பெற்ற புதிய கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும், வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும், வேளாண் அறிவியல் மையங்களுக்கும் இடம் தந்தது. தனிமனிதர், அரசியல் கட்சி மற்றும் அதன் சார்பு அமைப்புகள், இலாபம் கருதும் நிறுவனம், தடைசெய்யப்பட்ட அமைப்பு ஆகியவற்றுக்கு இடமில்லை.

தாள்களின் பயணம்

விண்ணப்பம் முதலில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் செல்லும். அதற்கான கட்டணம் 2,500 ரூபாயாக வைக்கப்பட்டது. இது பெரிய தொகையன்று. அதன் பின் நடப்பதுதான் நெடுந்தொலைவு. தேர்வுக் குழு பார்க்கும். தொண்டு நிறுவனம் என்றால் உள்துறை, பாதுகாப்பு முதலிய அமைச்சகங்களின் ஒப்புதல் வேண்டும். அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கு இதில் சலுகை உண்டு. எல்லாம் சரியானால் இசைவுக் கடிதம் வரும்.

இசைவுக் கடிதம் வந்தவுடன் ஊரில் இனிப்பு வழங்கிவிடுவார்கள். ஆனால் அது உரிமம் அன்று. அதை வைத்துக்கொண்டு, வேறோர் அமைச்சகமான தொலைத்தொடர்புத் துறையில், கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் பிரிவிடம் அலைவரிசை கேட்க வேண்டும். அலைக்கம்பம் நிற்கும் இடத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு, கம்பத்தின் இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையோடு கேட்டு, விமானப் பாதைக்கோ படைத்துறைத் தொடர்புக்கோ இடைஞ்சல் உண்டா என்று பார்க்கும். இது தேவையான பரிசோதனைதான். தென்னை மரத்தைவிடச் சற்றே உயரமான கம்பத்துக்கு அது மாதக்கணக்கில் நீள்வதுதான் சிக்கல்.

பின்னர் அமைச்சகத்தோடு அனுமதி ஒப்பந்தம் கையெழுத்தாகும். 25,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். இதன்பின் கருவி வாங்கி நிறுவி, இறுதியாக இயக்க உரிமம் பெற வேண்டும். அது கையில் வந்த பிறகே பொத்தானை அழுத்தலாம். இந்த வரிசையில் ஓரிடத்தில் முகவரி மாறினால், அல்லது கம்பத்தை நிறுத்தப்போகும் நிலத்தில் சிக்கல் வந்தால், சில படிகளைத் திரும்ப ஏற வேண்டும். டெல்லிக்குப் போய்வர வசதியும், ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆளும் உள்ள நிறுவனம் இதைக் கடந்துவிடும். மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, மலைவாழ் மக்களின் குழுவோ பாதியில் களைத்துவிடுவதில் வியப்பில்லை. யாருக்காகத் திட்டம் வந்ததோ, அவர்களுக்கே அந்தப் படிக்கட்டு உயரமாக இருக்கிறது.

பணம்

அலைபரப்பி, ஆண்டெனா, கம்பம், ஒலிக்கூடம், மின்சாரம் போனால் தாங்கும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் பல இலட்சம் ஆகும். கருவிச் செலவில் ஒரு பகுதியை, 7.5 இலட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், அரசு மானியமாகத் தரும் திட்டம் உண்டு. தொடங்குவதற்குப் பணம் புரட்டிவிடலாம். மாதாமாதம் நடத்துவதுதான் கடினம். விளம்பரத்துக்கு மணிக்கு 5 நிமிடம் என்ற வரம்பு முதலில் இருந்தது. பின்னர் 7 நிமிடமாகி, 2024இல் 12 நிமிடமானது. அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் அப்போது 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அரசு விளம்பரம் எல்லா நிலையத்துக்கும் ஒழுங்காக வருவதில்லை. உள்ளூர் மளிகைக்கடையும் தையற்கடையும் தரக்கூடிய தொகை எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

2012இல் ஒரு சோதனை வந்தது. அலைக்கற்றைக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய 19,700 ரூபாய், 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இலாபமே எடுக்கக் கூடாது என்று ஒரு துறை சொல்ல, மற்றொரு துறை வணிகக் கணக்கில் கட்டணம் கேட்டது. நாடெங்கும் நிலையங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. உயர்வு பின்னர் கைவிடப்பட்டது.

செய்தி சொல்லக் கூடாது

சமுதாய வானொலி செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, குடிநீர் மின்சாரம் பற்றிய அறிவிப்பு, உள்ளூர்த் திருவிழா, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை ஆகியவை செய்தி என்று கருதப்படா. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யவும் பின்னர் அனுமதி தரப்பட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். ஏரிக்கரை உடையும் அபாயம் உண்டு என்று அறிவிக்கலாம். ஏரிக்கரையைச் செப்பனிட ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று ஊராட்சித் தலைவரிடம் கேட்டு ஒலிபரப்பினால் அது செய்தி ஆகிவிடுமோ என்று நிலையத்தார் அஞ்சுவர். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வரும் என்பதை அவர்கள் மறப்பதில்லை. ஒரு செய்தித்தாளும், ஒரு தொலைக்காட்சியும், கைப்பேசி வைத்திருக்கும் எவரும் சொல்லக்கூடியதை 100 வாட் வானொலி சொல்லக் கூடாது என்பதற்கு இன்றுவரை நிறைவான விளக்கம் தரப்படவில்லை. 2013இல் காமன் காஸ் என்ற அமைப்பு இத்தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

அமெரிக்காவில் வேறு எதிரி

நேபாளத்தின் காத்மாண்டுவில் ரேடியோ சாகர்மாதா 1997லேயே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. இலங்கையில் மகாவலி, கொத்மலை சமுதாய வானொலிகள் 1980களிலேயே வந்தன. ஆனால் அவை அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கியவை. ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் ஏற்றது அமெரிக்கா.

அங்கும் குறைந்த திறன் பண்பலைக்கு 100 வாட், 30 மீட்டர் என்ற அதே அளவுகள்தாம். 2000 ஜனவரியில் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இந்த வகையை உருவாக்கியது. உள்துறை ஒப்புதல் போன்றவை அங்கே இல்லை. எதிர்ப்பு வந்தது பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களின் சங்கத்திடமிருந்து. சிறிய நிலையங்கள் தங்கள் ஒலியைக் குலைக்கும் என்று அவை நாடாளுமன்றத்தில் வாதிட்டன. பொது வானொலி அமைப்பும் அதில் சேர்ந்துகொண்டது வருத்தத்துக்குரியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம், பெரிய நிலையத்தின் அலைவரிசையிலிருந்து மூன்றாவது தடம் வரை, அதாவது 0.6 மெகாகெர்ட்சு தள்ளி இருந்தாலும், சிறிய நிலையத்துக்கு இடமில்லை என்றது. நெருக்கமான நகரங்களில் இதனால் கதவு அடைபட்டது. உண்மையில் இடையூறு உண்டா என்று ஆராயும்படியும் அச்சட்டமே சொல்லியிருந்தது. மைட்டர் நிறுவனம் ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க இடையூறு இல்லை என்று 2003இல் தெரிவித்தது. இருந்தும் சட்டத்தை மாற்ற 2011 ஜனவரி வரை ஆயிற்று. 2013இல் மீண்டும் விண்ணப்பம் கேட்டபோது 2,800க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன.

இடைப்பட்ட ஆண்டுகளில் இடம் கிடைத்த சிறு நிலையங்கள் தம் பயனைக் காட்டின. புளோரிடாவின் இம்மோக்கலியில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் தங்கள் மொழிகளில் பேசும் நிலையம் ஒன்றை 2003இல் எழுப்பினர். 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பிக் கரையைத் தாக்கியபோது, பெரிய நிலையங்கள் பல அடங்கிப்போக, பே செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூரின் குறைந்த திறன் நிலையம் தொடர்ந்து ஒலிபரப்பியது.

தமிழ்க் கடற்கரை

2004 ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் முயற்சியில் களஞ்சியம் சமுதாய வானொலி அமைந்தது. பேரிடர் காலத்தில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி எச்சரிக்கும் குரல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நாகை கடலோரம் என்று மாநில வானொலி பொதுவாகச் சொல்வதற்கும், எந்தத் தெருவார் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று ஊர்க்காரர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கென்றே அமைந்தது. காற்றின் வேகம், அலை உயரம், கடலுக்குப் போகலாமா என்ற தகவல், கடல்வாழ் உயிர்களைக் காப்பது, அம்பாப் பாட்டு போன்ற மீனவர் வழக்காறுகள் ஆகியவை இத்தகைய நிலையத்துக்கு உரிய பொருள்கள்.

2024 பிப்ரவரியில், அண்ணா எஃப்.எம். இருபதாண்டு நிறைந்த வேளையில், அதே பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டல மாநாட்டில் திருத்திய கொள்கை வெளியிடப்பட்டது. முதல் அனுமதி பத்தாண்டுக்கு என்றாயிற்று; முன்பு அது ஐந்தாண்டு. இசைவுக் கடிதம் ஓராண்டு செல்லும், மேலும் மூன்று மாதம் சலுகை உண்டு. நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பல மாவட்டங்களில் செயல்படும் தொண்டு நிறுவனம் ஆறு நிலையங்கள் வரை நடத்தலாம். அப்போது நாட்டில் இயங்கிய சமுதாய வானொலிகள் 480க்குச் சற்று மேல். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் உள்ள நாட்டுக்கு இது எந்த மூலைக்கு? செய்தித் தடையும் நீங்கவில்லை.

உரிமம் பெற்று, கம்பம் நட்டு, ஒலிபரப்பும் தொடங்கிய பின் புதிதாக ஒரு தடை வந்து நிற்கிறது. ஊரில் தனி வானொலிப் பெட்டி அரிதாகிவிட்டது, கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். புதிய கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை வசதி இல்லை, அல்லது உள்ளே சில்லு இருந்தும் அதை இயக்காமல் விற்கிறார்கள். 2023இல் நடுவண் மின்னணுவியல் அமைச்சகம், இந்த வசதியை எடுத்துவிடாமல் இயங்கும் நிலையில் தரவேண்டும் என்று கைப்பேசி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. புயல் நேரத்தில் இணையக் கோபுரம் சாய்ந்தாலும் பண்பலை கேட்கும் என்பதே அது சொன்ன காரணங்களில் முக்கியமானது. புதிய கைப்பேசி வாங்கும்போது பண்பலை உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இயர்போன் கம்பியைச் செருகி வையுங்கள். பண்பலைக்கு அதுதான் ஆண்டெனா. பிறகு 90.4இல் தேடிப் பாருங்கள்.